கப்ஸ் கோவிலின் காரை

புதுச்சேரியில் இரண்டு மாதா கோவில்களுக்கு ஏட்டில் ஒரு பெயர், ஊர் வாயில் ஒரு பெயர். மிஷன் வீதியில் நிற்பது ஜென்மராக்கினி அன்னை பேராலயம். ஊருக்கு அது சம்பாக் கோவில். கடற்கரையை ஒட்டி துய்மா வீதியில் நிற்பது சம்மனசுகளின் மாதா கோவில், பிரெஞ்சில் நோத்ர் தாம் தெ ஸான்ஷ். ஊருக்கு அது கப்ஸ் கோவில். சம்பாவுக்கும் நெல்லுக்கும் தொடர்பில்லை. சேசு சபைச் சாமியார்களை, கோவாவில் அவர்களுக்கு இருந்த புனித பவுல் கல்லூரியை வைத்துப் பவுலார் என்று அழைத்தார்கள். சான் பாவ்லோ நம் நாக்கில் தேய்ந்து சம்பா ஆயிற்று. கப்ஸ் என்பது கப்புச்சின் சபை. பழுப்பு அங்கியும் முக்காடும் அணிந்த துறவிகள். முக்காட்டைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இன்று காபிக் கடைகளில் கேட்கும் கப்புச்சினோவும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தத் துறவிகள் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவர்கள் சபையின் பெயரை மட்டும் தமிழ் வாய் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இரண்டு கோவில்களுக்கும் இடையே நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்தக் கிலோமீட்டருக்குள் பெரிய வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனிக்கு இடம் பிடித்த நாள் முதல் ஐரோப்பியர்களின் ஆன்ம காரியங்களைக் கப்புச்சின் சபையார் பார்த்துக்கொண்டார்கள். சயாமில் 1688இல் நடந்த அரசப் புரட்சியில் துரத்தப்பட்ட சேசு சபையார் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்து, தமிழ்க் கிறித்தவர்களின் பொறுப்பை ஏற்றார்கள். ஒரே மதம், ஒரே பூசை, ஆனால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு கோவில், அந்தப் பக்கம் ஒரு கோவில். கப்ஸ் கோவில் புலம்பெயர்ந்து வந்தவர்களின் கோவில். இன்றும் அங்கே ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு மொழியில் திருப்பலி நடக்கிறது.

புலம்பெயர்ந்தவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டுக் கோவில் கட்டுகிறார்கள்? இதற்கு மிகத் தெளிவான விடை அமெரிக்காவில், போலந்துக்காரர்கள் கட்டிய கோவில்களில் இருக்கிறது. 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடு வரைபடத்திலேயே கிடையாது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிக்காகோவுக்கும் மில்வாக்கிக்கும் ஆலை வேலை தேடிப் போன போலந்து விவசாயிகளுக்குத் தாய்நாடு என்று காட்ட ஒரு கோவில்தான் இருந்தது. அங்கே இருந்த கத்தோலிக்கக் கோவில்களில் ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும் அவரவர் மொழியில் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். தன் பாவத்தைத் தன் மொழியில் சொல்லத் தனக்கென்று ஒரு கோவில் வேண்டும் என்று போலந்துக்காரர்கள் நினைத்தார்கள். அதையும் சின்னதாகக் கட்டவில்லை.

மில்வாக்கி புனித யோசபாத் பசிலிக்காவின் கதையைக் கேட்டால் மனம் நெகிழும். அந்தப் பங்கின் சாமியார் வில்ஹெல்ம் குருட்ஸா. பங்கு மக்கள் எல்லாரும் கூலித் தொழிலாளர்கள். ரோமாபுரி புனித பேதுரு பேராலயத்தைப் போல ஒரு குவிமாடக் கோவில் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்; கட்டடக் கலைஞர் எர்ஹார்ட் பிரீல்மையர் திட்டம் போட்டுக் கொடுத்தார். கல் வாங்கப் பணமில்லை. அப்போது சிக்காகோவில் அஞ்சல் நிலையமும் சுங்க அலுவலகமும் இருந்த பெரிய கட்டடம் ஒன்றை இடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த இடிபாட்டை 20,000 டாலருக்கு வாங்கி, 500 ரயில் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்து, வந்த கல்லை அளந்து, அந்தக் கல்லுக்கு ஏற்றபடி திட்டத்தையே மாற்றி வரைந்தார்கள். அஸ்திவாரம் தோண்டியதும் மண் சுமந்ததும் பங்கு மக்கள். 1901இல் கோவில் மந்திரிக்கப்பட்டது. அதே ஆண்டு, சில வாரங்களில், குருட்ஸா சாமியார் இறந்துபோனார்.

இந்தியாவுக்கும் போலந்துக்காரர்கள் வந்தார்கள், ஆனால் தங்க வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் முகாம்களிலிருந்து தப்பிய ஏறத்தாழ 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1943 முதல் 1948 வரை கோலாப்பூருக்குப் பக்கத்தில் வலிவடே முகாமில் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடத்தோடு கோவிலும் அங்கே அவர்களுக்கு இருந்தது. என்றைக்கோ ஒரு நாள் கிளம்பப் போகிறோம் என்று தெரிந்தும் கோவில் இல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை.

மில்வாக்கியையும் புதுச்சேரியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பட்டது இதுதான். மில்வாக்கியில் கோவிலின் உடம்பே ரயிலேறி வந்தது. புதுச்சேரிக்குக் கப்பலில் வந்தது வரைபடமும் நினைவும் மட்டும். உடம்பு முழுக்க இந்த மண். நம் செங்கல், நம் சுண்ணாம்பு, நம் கொத்தனாரின் கை. பிரெஞ்சுக் கட்டடம் என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் கப்ஸ் கோவிலை உள்ளே புகுந்து பார்த்தால், அது வேதியியல்படி தமிழ்க் கட்டடம்.

அந்த உடம்பைப் பற்றிச் சொல்லுமுன், இந்த ஊரில் கோவில் என்பது எத்தனை முறை விழுந்து எழுந்தது என்று சொல்லியாக வேண்டும். சம்பாக் கோவிலையே எடுத்துக்கொள்வோம். பதினான்காம் லூயி மன்னரின் பண உதவியோடு 1692இல் முதல் கோவில் எழுந்தது. மறு ஆண்டே டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், கோவில் போயிற்று. ஊர் திரும்பக் கிடைத்த 1699இல் அவசர அவசரமாக இரண்டாவது கோவில். 1728 முதல் 1736 வரை எட்டு ஆண்டு உழைப்பில் மூன்றாவது. பெரியது, அழகானது என்று பேர் வாங்கியது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டை முதல் கோவில் வரை தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் காணும் சம்பாக் கோவில் 1770இல் தொடங்கி 1791இல் முடிந்தது. கீழ் அடுக்கில் இரட்டை இரட்டையாக தோரிக் தூண்கள், மேலடுக்கில் அயோனியத் தூண்கள் என்று அதன் முகப்பு இருக்கும்.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத இரண்டு செய்திகள் உண்டு. இரண்டும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவானவை. சம்பாக் கோவிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் ஒடுக்கப்பட்டவர்கள் திரண்டு வந்து சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, அதற்கு மறுதரப்பு கிளர்ந்து எழுந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1748இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பாக் கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோவில் துய்ப்ளே காலத்து ஆட்சியால் இடிக்கப்பட்டது. இன்றைய வேதபுரீசுவரர் கோவில் பின்னாளில் வேறிடத்தில் கட்டப்பட்டது. கட்டடக் கலையைப் பற்றி எழுதும்போது தூணையும் வளைவையும் மட்டும் பேசிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தச் சுவர் யாரைப் பிரித்தது, எந்தச் சுவர் விழுந்து எது எழுந்தது என்பதும் அந்தக் கலையின் கணக்கில் சேரும்.

கப்ஸ் கோவிலும் தன் இடத்தில் முதலாவது அல்ல. கப்புச்சின் சபையாரின் பழைய கோவில்களுக்குப் பின்வந்தது இது. 1855இல் கட்டி முடிக்கப்பட்டது. லூயி கேர் என்பவர் திட்டம். மூன்றாம் நெப்போலியன் அனுப்பிய விண்ணேற்பு மாதா எண்ணெய் ஓவியம் உள்ளே இருக்கிறது. எதிரே சிறு பூங்கா, அதில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை, அதற்கப்பால் கடல். இந்தக் கோவிலை லூர்து பசிலிக்காவின் நகல் என்று சில சுற்றுலாக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது தவறு. லூர்து நகரில் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858இல். அங்கே மேல் பசிலிக்கா அபிஷேகம் ஆனது 1876இல். மூன்று ஆண்டு முன்பே எழுந்து நின்ற கோவில், இன்னும் நடக்காத ஒன்றைப் பார்த்து நகலெடுத்திருக்க முடியாது. லூர்து மாதாவுக்கு உரிய இடம் புதுச்சேரிப் பகுதியில் வேறு இருக்கிறது. அது வில்லியனூர் மாதா கோவில். கப்ஸ் கோவிலின் இரட்டைக் கோபுரமும் தூண் வரிசையும் முக்கோண முகடும் லூர்தைவிடப் பழைய ரோமானிய, கிரேக்க மரபிலிருந்து வந்தவை.

உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் உத்திரம் கிடையாது. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரி ஒரு வளைவுக் கூரை. நம் கற்கோயில்கள் தூணும் உத்திரமும் சேர்ந்த கட்டுமானம். கல் உத்திரம் குறுக்கே படுத்துக்கொண்டு பாரத்தைத் தாங்கும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். கல்லுக்கு நசுக்கும் விசை பொறுக்கும், இழுக்கும் விசை பொறுக்காது. அதனால்தான் கற்கோயிலில் தூண்கள் நெருங்கி நெருங்கி நிற்கின்றன. ஆயிரங்கால் மண்டபத்துக்கு அழகு மட்டும் காரணம் இல்லை. வளைவு செய்வது வேறு வேலை. அதில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. எங்கும் இழுப்பு இல்லை, நெருக்கம் மட்டுமே. எனவே சின்னச் சின்னச் செங்கல்லை வைத்தே தூணில்லாத பெரிய கூடத்துக்குக் கூரை போட்டுவிடலாம்.

வளைவு எந்த வடிவத்தில் இருந்தால் விழாது? இதற்கு ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675இல் ஒரு விடை கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை யாரும் திருடாதிருக்க எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டார். விடை மிக எளியது. வாசல் நிலையில் இரு முனைகளையும் கட்டித் தொங்கவிட்ட பூச்சரத்தைப் பாருங்கள். அது தானாக ஒரு வளைவில் நிற்கிறது. அந்தச் சரத்தில் இருப்பது இழுப்பு மட்டும். அதே வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கல்லில் கட்டினால், இழுப்பெல்லாம் நெருக்கமாக மாறிவிடும்; கட்டடம் நிற்கும். 1740களில் ரோமாபுரி புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தின் விரிசல்களை ஆராய்ந்தபோது, ஜொவான்னி பொலேனி என்ற இத்தாலியர் பாரம் கோத்த சங்கிலியைத் தொங்கவிட்டு அதன் வளைவை வரைந்து, குவிமாடத்தின் கனத்துக்குள்ளேயே அந்தக் கோடு அடங்குகிறது என்று காட்டினார். கொத்தனார்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் கோடு சுவரின் கனத்துக்குள் இருக்கும்படி சுவரைத் தடிப்பாக வைக்கும் அனுபவம் தெரியும். பழைய கோவில் சுவர்கள் அவ்வளவு தடிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வளைவு கீழே மட்டும் அழுத்துவதில்லை, இரு பக்கமும் வெளியே உதைக்கிறது. அந்த உதையை வாங்கிக்கொள்ளத்தான் தடித்த சுவரும் பக்கக் கூடங்களும்.

இனி உடம்புக்கு வருவோம். கப்ஸ் கோவிலின் உட்சுவரைப் பற்றி ஊரில் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி: சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசியிருக்கிறார்கள், அதனால்தான் பளிங்கு போல மின்னியது. கேட்பவர்கள் முட்டையைப் பிடித்துக்கொண்டு வியக்கிறார்கள். எனக்கு வியப்பு சுண்ணாம்பில்தான்.

கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலைக் கையில் எடுங்கள். அது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதுவே, பளிங்கும் அதுவே, முட்டை ஓடும் அதுவே. கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகக் காளவாயில் போட்டு எரித்தால், ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் கிளிஞ்சலிலிருந்து கரியமில வாயு கழன்று போய்விடும். 100 கிலோ தூய கிளிஞ்சல் போட்டால் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி மாவாக உதிரும். இதைத்தான் நீற்றுதல் என்கிறோம். அந்தச் சூட்டில் கையை வைத்தால் வெந்துவிடும். சலித்துத் தொட்டியில் தண்ணீருக்குள் ஊறப்போட்டு மாதக் கணக்கில் விடுவார்கள். ஊற ஊறத் துகள் நுண்மையாகிக் களி வெண்ணெய் பதத்துக்கு வரும். வெற்றிலையில் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்புதான் இது.

இந்தக் களியோடு மணல் சேர்த்து, வட்டப் பள்ளத்தில் கல்லுருளையை மாடு இழுக்க அரைத்துச் சாந்தாக்கிச் சுவரில் பூசுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் அழகு. ஈரமான சாந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. காளவாயில் எந்த வாயு கழன்று போயிற்றோ அதே வாயு. அது சேரச் சேரச் சுண்ணாம்பு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கிளிஞ்சல் மாவாகி, மாவு களியாகி, களி சுவரில் ஏறித் திரும்பவும் கிளிஞ்சலாகிவிட்டது. காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 0.04 விழுக்காடுதான் என்பதால் இந்த மாற்றம் மிக மெதுவாக, மேற்பரப்பிலிருந்து உள்ளே, ஆண்டுக் கணக்கில் நடக்கும். தடித்த சுவரின் நடுவில் உள்ள காரை இறுகி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பூசி முடித்த பிறகும் கட்டடம் கல்லாகிக்கொண்டே இருக்கிறது.

இத்தனை காலம் காத்திருக்க முடியாத இடங்களுக்கு, குறிப்பாக மழையும் ஈரமும் படும் இடங்களுக்கு, சுர்க்கி என்ற செங்கல் தூளைச் சேர்த்தார்கள். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரடியாக வினைபுரிந்து, காற்றின் உதவி இல்லாமலே, தண்ணீருக்குள்கூட இறுகும். ரோமானியர்கள் நேப்பிள்ஸ் பக்கத்துப் பொட்சுவோலி ஊரின் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்ததை நம்மவர்கள் உடைந்த செங்கல்லை வைத்துச் செய்தார்கள்.

சாந்தில் ஊற்றும் தண்ணீரும் வெறும் தண்ணீர் அல்ல. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். கரைந்தது சீராகப் பரவிப் படியும். புளிக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு காரையை உள்ளிருந்தே இறுக்க உதவும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இழுவையும் பிடிப்பும் தரும். கொத்தனாருக்கு இதில் ஒரு சொல்கூடப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

இப்போது முட்டைக்கு வரலாம். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பங்கு புரதம். அந்தப் புரதம் சுண்ணாம்புப் படிகங்கள் தாறுமாறாகப் பெருகாதபடி தடுக்கிறது. படிகங்கள் நுண்ணியனவாக, நெருக்கமாக அமைகின்றன. நெருங்கிய பரப்பு ஒளியைச் சிதறடிக்காமல் திருப்பி அனுப்பும்; அதுதான் பளபளப்பு. புரதம் உலர்ந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளியும் நிற்கும். சீனத்தில் இதே வேலையை ஒட்டரிசிக் கஞ்சி செய்தது. அரிசி மாச்சத்தில் உள்ள அமைலோபெக்டின் சுண்ணாம்புப் படிகத்தைக் கட்டுக்குள் வைக்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் முட்டை விலையுள்ள பொருள். சுவர் முழுக்க அதைக் கலப்பதில்லை. அடிப்பூச்சு, நடுப்பூச்சு எல்லாம் முடிந்து, கடைசியாக நகக்கண் தடிப்புக்கு ஏற்றும் மெல்லிய பூச்சுக்கு மட்டுமே அது. பூசிய ஈரம் காயும் முன் வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். பளபளப்பில் முட்டைக்கு உள்ள பங்கைவிடத் தோள்பட்டைக்கு உள்ள பங்கு பெரிது. செட்டிநாட்டு வீடுகளில் நூறாண்டு கடந்தும் கண்ணாடி போல நிற்கும் சுவர்கள் இதே வேலைப்பாடுதான். முகம் தெரியாத அந்தக் கொத்தனார்களும் சித்தாள்களும் லூயி கேருக்கு இணையாகக் கப்ஸ் கோவிலின் ஆசிரியர்கள் என்றே நான் கருதுகிறேன். கல்வெட்டில் அவர்கள் பெயர் இருந்திருக்க வேண்டும்.

இப்படிக் கட்டிய கோவில், கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் 170 ஆண்டாக நிற்கிறது. இதன் அருமை புரிய வேண்டுமானால் உப்பைப் பற்றித் தெரிய வேண்டும். கடற்காற்று நுண்ணிய உப்புத் துளிகளைச் சுமந்து வந்து சுவரில் படிய வைக்கிறது. நிலத்தடி நீரும் உப்போடு சுவரில் ஏறுகிறது. ஓதம் ஏறிவிட்டது என்போமே, அது. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால் அது ஈரத்தை இழுத்துக் கரையும். கீழே இறங்கினால் திரும்பப் படிகமாகும். மழைக்காலத்தில் டப்பாவில் உப்பு கசிவது இதனால்தான். புதுச்சேரியில் பல நாட்களில் விடியற்காலை ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேல், நண்பகலில் கீழ். ஆக, சுவரின் நுண்துளைகளுக்குள் உப்பு இரவில் கரைந்து பகலில் இறுகுகிறது. இறுகும் ஒவ்வொரு முறையும் படிகம் துளையின் சுவரை நெட்டித் தள்ளும். நாளொன்றுக்கு ஒரு நெட்டு என்றாலும் 170 ஆண்டில் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 60,000க்கு மேல் போகும்.

சுண்ணாம்புக் காரை இதற்கு எப்படி ஈடு கொடுக்கிறது? அது செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளை மிகுந்தது. சுவருக்குள் ஏறிய ஈரம் காரை வழியே வெளியேறி மேற்பரப்பில் உலர்கிறது. உப்பு அங்கேதான் பூக்கிறது. உதிர்வது காரை, உள்ளே செங்கல் பத்திரம். உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். காரை தன்னைத் தந்து சுவரைக் காப்பாற்றுகிறது. நுண்ணிய விரிசல் விழுந்தால் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து அந்த விரிசலுக்குள்ளேயே படிய வைத்து அடைத்தும் விடும்.

சிமெண்ட்டுக்கு இந்தக் குணம் இல்லை. 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், இன்று 1,450 டிகிரி வரை சூடாக்கிச் செய்யும் பொருள். வலுவானது, சீக்கிரம் இறுகுவது. புதுக் கட்டடத்துக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் அதைப் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே சிக்கிய உப்பு, பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள் இறுகுகிறது. வெளியே பூச்சு புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். சில ஆண்டில் பூச்சு செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு பலகை பலகையாக விழும். ஓதத்துக்கு மருந்து என்று பூசுவதே ஓதத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் செய்வது அதையே.

பழைய சுவர்கள் சொல்லிவிட்டு விழுவதில்லை. கப்ஸ் கோவிலிலிருந்து சில நிமிட நடையில், கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம், மேரி என்று ஊர் அழைத்த 19ஆம் நூற்றாண்டு மாளிகை, 2014 நவம்பர் மழையில் ஒரு நாள் சரிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். தோற்றம் வந்துவிட்டது, ஆனால் கூடத்தையும் சுவரையும் கட்டிய அந்தக் கைகளின் தடம் வரவில்லை, வரவும் முடியாது. பராமரிப்பு என்ற சொல்லை நாம் வெள்ளையடிப்பது என்று புரிந்துகொண்டிருக்கிறோம். கூரையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது, மழைநீர்த் தூம்பை அடைப்பில்லாமல் வைப்பது, உதிர்ந்த காரைக்குப் பதில் அதே காரையைப் பூசுவது, இந்த மூன்றும் ஆண்டுதோறும் நடந்தால் சுண்ணாம்புக் கட்டடம் இன்னொரு 170 ஆண்டு நிற்கும்.

கப்ஸ் கோவிலுக்குப் போகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முகப்பைப் படமெடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் உட்கார்ந்து, கூரை வளைவைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளியே வந்து, காரை பெயர்ந்த பழைய சுவர் ஏதாவது அந்தத் தெருக்களில் கண்ணில் பட்டால் கிட்டப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் சாந்துக்கு நடுவே உடைந்த கிளிஞ்சல் துண்டு தெரியும். புதுச்சேரியிலோ காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ உங்களுக்குத் தாத்தா கட்டிய சுண்ணாம்பு வீடு இருந்து, அதில் ஓதம் ஏறியிருந்தால், சிமெண்ட் மூட்டை வாங்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு வயதாகிவிட்டது.